புழு எதைத் தின்கிறது?

எங்கள் மொட்டைமாடியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. நல்ல மழை பெய்து விட்டதும் துளிர் விடும். துளிர் விட்ட மறுவாரமே புழு வந்துவிடும். முதலில் அதைப் புழு என்றே சொல்ல முடியாது. காக்கை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். தோல் உரிக்க உரிக்கப் பச்சையாகும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு செம்மஞ்சள் கொம்புகளை நீட்டி ஒரு புளித்த நாற்றத்தை விடும். "குழம்புல போட ஒரு ஈர்க்கு மிஞ்ச மாட்டேங்குது, நீ என்னடான்னா அதுக்குக் காவல் இருக்கே" என்று அம்மா சலித்துக்கொள்வார்.

போன மழைக்காலத்தில் நானும் மகளும் அப்படி ஒரு புழுவை ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, வாயை வேட்டித் துணியால் கட்டி வளர்த்தோம். காலையும் மாலையும் புது இலை. ஒருநாள் அது தின்பதை நிறுத்திவிட்டது. குச்சியில் ஏறி, இடுப்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆனது. வண்ணத்துப்பூச்சி வெளியே வரும் நாளை மகள் காலண்டரில் வட்டமிட்டு வைத்தாள். அந்த நாளும் போனது, அதற்கடுத்த நாளும் போனது. கூடு பழுப்பேறியது. ஒரு காலையில் பார்த்தால் கூட்டில் ஊசி குத்தினாற்போல ஒரு ஓட்டை, துணியின் உள்பக்கம் முழுக்கக் கடுகைவிடச் சின்னதாகக் குளவிகள். எண்ணிப் பார்க்க மனமில்லை. மகள் அழுதாள். இரண்டு வாரம் நாங்கள் இலை போட்டு வளர்த்தது, புழுவுக்குள் இருந்த அந்தக் குளவிகளைத்தான் என்பது எனக்கும் தொண்டையில் முள்ளாய் நின்றது.

அன்று இரவு இந்தக் குளவிகளைப் பற்றித் தேடப் போய்த்தான் மரியா சிபில்லா மேரியன் என்ற ஜெர்மன் ஓவியரிடம் வந்து சேர்ந்தேன். 1679ஆம் ஆண்டிலேயே அவர் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஒரே வகைப் புழுக்களை வளர்த்தபோது சில கூடுகளிலிருந்து பட்டாம்பூச்சி வந்தது, சிலவற்றிலிருந்து வெறும் ஈக்களும் குளவிகளும் வந்தன என்று. காரணம் அவருக்கு முழுதாக விளங்கவில்லை. அந்தக் காலத்தில் யாருக்குத்தான் விளங்கியது? ஆனால் தான் எதிர்பார்த்தது வரவில்லையே என்று அந்தக் கூட்டைத் தூக்கி எறியவில்லை. வந்த ஈயையும் சேர்த்தே வரைந்து வைத்தார். அன்றிலிருந்து இவரை நான் விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1647 ஏப்ரல் 2ஆம் தேதி ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் பிறந்தவர். அப்பா மத்தேயுஸ் மேரியன் செப்புத் தகட்டில் நகரங்களின் படங்களைச் செதுக்கி, நூலாக அச்சிட்டு விற்றவர், ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்றவர். மகளுக்கு 3 வயதாகும்போது இறந்துபோனார். அம்மா மறுமணம் செய்துகொண்ட யாக்கோப் மாரெல் பூக்களை வரையும் ஓவியர். வண்ணம் அரைக்கவும், தூரிகை பிடிக்கவும், செப்புத் தகட்டில் கீறவும் வீட்டிலேயே பயிற்சி கிடைத்தது.

அந்தக் காலப் பூ ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். ஜாடி நிறையப் பூக்கள் இருக்கும். அதில் ஓரமாக ஒரு வண்ணத்துப்பூச்சி, ஒரு புழு, ஒரு நத்தை. அந்தப் புழு அழகுக்காக வைத்த புழு. டூலிப் மலரில் வேறெங்கோ மேயும் புழுவை வைத்தாலும் கேட்பாரில்லை. மாரெலின் பட்டறையில் வளர்ந்த பெண் 13 வயதில் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தார். பட்டுப்புழு எல்லா இலையையும் தின்னாது. மல்பெரி இல்லாவிட்டால் வாடிவிடும். அது கூடு கட்டுவதையும் அந்துப்பூச்சியாகி வெளியே வருவதையும் பார்த்த பிறகு, தோட்டத்து மற்ற புழுக்களும் இப்படித்தானா என்ற கேள்வி அவருக்கு வந்தது. கண்ணில் பட்ட புழுவையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றுக்கும் முதல் வேலை, அது எதைத் தின்கிறது என்று கண்டுபிடிப்பது. இல்லாவிட்டால் இரண்டு நாளில் செத்துப்போகும். அவருடைய அறிவியல் முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தது என்றுதான் நான் நினைக்கிறேன். புழுவைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தவருக்கு வந்த கேள்வி அது. செத்த பூச்சிகளைப் பெட்டியில் சேர்த்தவர்களுக்கு அது வர வழியே இல்லை.

சேற்றிலும் அழுகலிலும் பூச்சிகள் தாமாகவே பிறக்கின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம். மூடி வைத்த இறைச்சியில் புழு வராது என்று இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ ரெடி சோதித்துக் காட்டியது 1668ல். நெதர்லாந்தில் யோஹன்னஸ் கூடார்ட் என்ற ஓவியர் புழு, கூடு, பூச்சி என்று மாற்றங்களை வரைந்து 1660களில் நூல் வெளியிட்டிருந்தார். ஆனால் அவர் முட்டையை வரையவில்லை. மேரியனின் புழு நூல் 1679ல் நியூரம்பெர்க்கில் வந்தபோது, 50 படங்களிலும் செடியே நடுநாயகம். அதன் இலையில் புழு, தண்டில் கூடு, மேலே பறக்கும் பூச்சி, பல படங்களில் முட்டையும் உண்டு. ஓர் உயிரின் பிறப்பு முதல் பறப்பு வரை, அது தின்னும் செடியோடு சேர்த்து ஒரே பக்கத்தில். நம் பிள்ளைகளின் அறிவியல் புத்தகத்தில் வரும் வாழ்க்கைச் சுழற்சிப் படத்துக்கு இவர் ஒரு மூதாய். அதுவும் எல்லாரும் படிக்கிற மாதிரி ஜெர்மன் மொழியில். அறிஞர்கள் லத்தீனில்தான் எழுதுவார்கள்.

நியூரம்பெர்க்குக்குக் கணவரோடு போனவர் அவர். கணவர் யோஹான் ஆண்ட்ரேயாஸ் கிராஃபும் ஓவியர்தான், மாரெலின் மாணவர். அந்த ஊரில் தைலவண்ண ஓவியம் வரைந்து விற்கும் உரிமை ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. மேரியன் நீர்வண்ணத்தில் வரைந்தார். வண்ணம் தயாரித்து விற்றார். வசதியான வீட்டுப் பெண்களுக்கு ஓவியமும் பூத்தையலும் கற்றுக்கொடுத்தார். 1675 தொடங்கி மூன்று பகுதிகளாக அவர் வெளியிட்ட பூ நூல், தையல்காரப் பெண்கள் படியெடுத்துக்கொள்ள வசதியான மாதிரிப் புத்தகம். இதைச் சிலர் பிழைப்புக்குச் செய்த சில்லறை வேலை என்று ஒதுக்கி எழுதுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த மாணவிகளின் வீட்டுத் தோட்டங்களிலும் அவர் புழு பொறுக்கினார். இரண்டு பெண்குழந்தைகளையும் வளர்த்துக்கொண்டு, சமையலுக்கும் வகுப்புக்கும் நடுவில்தான் அந்த 50 படங்களும் வந்தன.

பிறகு வந்தது யாரும் எதிர்பாராத திருப்பம். 1680களின் நடுவில் கணவரை விட்டுவிட்டு, வயதான தாயையும் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு நெதர்லாந்தின் வடக்கே ஃபிரீஸ்லாந்தில் வியூவெர்ட் என்ற சிற்றூருக்குப் போய், லபாடியர்கள் என்ற சமயக் குழுவில் சேர்ந்துவிட்டார். இயேசு சபையிலிருந்து விலகிய ழான் த லபாடி தொடங்கிய குழு அது. சொந்த உடைமை கிடையாது, ஆடம்பரம் கிடையாது, எல்லாம் பொது. கணவர் தேடி வந்து கெஞ்சியும் மேரியன் திரும்பவில்லை. 1692ல் நியூரம்பெர்க் நகரம் மணமுறிவை ஏற்றுக்கொண்டது. பக்தியால் போனாரா, மணவாழ்க்கையிலிருந்து தப்பிக்கப் போனாரா என்று இன்றும் வாதிடுகிறார்கள். இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கோயிலே கதி என்று கிடக்கும் எத்தனை பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுடைய பக்தியும் உண்மை, வீட்டில் இருக்க முடியாததும் உண்மை. புழுக்களிலும் பூச்சிகளிலும் கடவுளின் கைவண்ணத்தைத்தான் பார்ப்பதாக மேரியன் தம் புழு நூலிலேயே எழுதியிருந்தார். வியூவெர்ட்டில் இருந்த காலத்தில் தவளையை அறுத்துப் பார்த்தார், முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வருவதைக் குறித்து வைத்தார்.

அந்தக் குழு தங்கியிருந்த மாளிகை, தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்களின் சூரினாம் குடியேற்றத்துக்கு ஆளுநராயிருந்த ஸோமெல்ஸ்டைக் குடும்பத்துடையது. லபாடியர்கள் சிலர் அங்கே போய் ஒரு தோட்டம் போட்டு, காய்ச்சலில் மாண்டு, தோற்றுத் திரும்பியிருந்தார்கள். சூரினாம் என்ற பெயர் வியூவெர்ட்டில் அன்றாடம் காதில் விழுந்த பெயர்.

1691ல் மேரியன் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தார். உலகத்துப் பொருளெல்லாம் வந்து குவிந்த துறைமுகம் அது. அதே டச்சுக்காரர்கள் அப்போது சோழமண்டலக் கரையில் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாக வைத்து வணிகம் செய்துகொண்டிருந்தார்கள். நகரத்தலைவர் நிக்கோலாஸ் விட்சன், மருத்துவர் ஃபிரெடரிக் ரூயிஷ் போன்ற பெரிய மனிதர்கள் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த பட்டாம்பூச்சிகளை ஊசியில் குத்தி அலமாரி அலமாரியாக வைத்திருந்தார்கள். மேரியன் போய்ப் பார்த்தார். அழகில் வியந்தார். ஆனால் அவை எதிலிருந்து வந்தன, எப்படி உருமாறின என்பது அங்கே இல்லை. அதனால்தான் சூரினாமுக்குப் புறப்பட்டேன் என்று பின்னாளில் எழுதிய சூரினாம் நூலின் முன்னுரையில் அவரே சொல்கிறார்.

நல்ல மழைக்காலத்து இரவில் முதன்முதலாக அந்த வரிகளைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். புழு எதைத் தின்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு பெண் அட்லாண்டிக் கடலைத் தாண்டியிருக்கிறார்! அரசர் அனுப்பவில்லை, கம்பெனி அனுப்பவில்லை. தம் ஓவியங்களில் 255ஐ விற்றுப் பணம் சேர்த்தார். உயில் எழுதி வைத்தார். 1699 கோடையில் 21 வயது இளைய மகள் டொரோத்தியாவை மட்டும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு 52 வயது. பெரிய ஆய்வுப் பயணி என்று உலகம் கொண்டாடும் ஹம்போல்ட் தென் அமெரிக்காவுக்குப் புறப்பட்டது இதற்குச் சரியாக 100 ஆண்டுகள் கழித்து.

சூரினாமின் தலைநகர் பரமாரிபோவில் ஒரு வீடு. தோட்டத்தில் செடிகள், உள்ளே பெட்டி பெட்டியாகப் புழுக்கள். அங்கிருந்து ஆற்று வழியாகத் தோட்டங்களுக்கும் காட்டோரங்களுக்கும் போய்வந்தார். கரும்புத் தோட்ட முதலாளிகள், இந்த நாட்டில் சர்க்கரையைத் தவிர வேறெதையோ தேடுகிறாரே என்று அவரைக் கேலி செய்தார்கள். அந்தக் கேலியை அவர் நூலில் பதிந்தே வைத்திருக்கிறார். இத்தனை வளமான மண்ணில் கரும்பைத் தவிர எதையும் இவர்கள் வளர்க்க முயலவில்லையே என்று பதிலுக்குக் கடிந்தும் கொள்கிறார்.

நீல மார்ஃபோ பட்டாம்பூச்சியின் இறகை உருப்பெருக்கியில் பார்த்தவர், நீல ஓடுகளை வரிசை தப்பாமல் வேய்ந்த கூரை போலிருக்கிறது என்கிறார். ஓட்டு வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த உவமையை விளக்க யாரும் வேண்டியதில்லை. ஒரு படத்தில் கொய்யாக் கிளை. இலைகளை அரித்து எடுத்துப்போகும் எறும்புகள், உடம்போடு உடம்பு கோத்துப் பாலம் கட்டும் எறும்புகள். கீழே ஒரு பெரிய மயிர்ச் சிலந்தி, தேன்சிட்டு போன்ற ரீங்காரச் சிட்டு ஒன்றைக் கூட்டிலிருந்து இழுத்துப்போட்டுத் தின்றுகொண்டிருக்கிறது. எல்லாரும் பேசுவது இந்தச் சிலந்திப் படத்தைப் பற்றித்தான். சிலந்தியாவது, பறவையைத் தின்பதாவது என்று 19ஆம் நூற்றாண்டில் சிலர் அவரைப் பொய்யர் என்றே எழுதினார்கள். சூரினாமுக்கே போயிராத லான்ஸ்டவுன் கில்டிங் என்ற பாதிரியார் பக்கம் பக்கமாகக் குற்றம் கண்டார். பிறகு ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்ற இயற்கையியலாளர், சிலந்தியிடம் சிக்கிய சிறு பறவைகளைத் தம் கண்ணால் கண்டதாக 1863ல் வெளிவந்த அமேசான் நூலில் எழுதியபின் அந்த வாய்கள் அடங்கின.

மேரியனிடம் தவறுகளும் உண்டு. ரீங்காரச் சிட்டு இரண்டு முட்டைதான் இடும், அவர் நான்கு வரைந்திருக்கிறார். விளக்குப்பூச்சி என்ற ஒன்று, அதன் ஒளியில் செய்தித்தாள் படிக்கலாம் என்னும் அளவுக்கு ஒளிர்வதாக எழுதினார். அது ஒளிர்வதே இல்லை.

எனக்கு அந்த நூலில் மிகப் பெரிய பக்கம் சிலந்திப் பக்கம் அல்ல. சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து, நீண்ட கேசரங்களை வெளியே நீட்டியிருக்கும் ஒரு செடி. அதில் ஒரு புழு, அதன் கூடு, அதிலிருந்து வந்த அந்துப்பூச்சி. செடியின் பெயரை ஃப்ளோஸ் பவோனிஸ் என்று எழுதியிருக்கிறார். லத்தீனில் அது மயில் பூ. பார்த்த கணமே அடையாளம் தெரிந்தது, நம் மயில்கொன்றை! பள்ளிக்கூடச் சுவரோரம், ரயில் நிலைய வாசல், பிள்ளையார் கோயில் முகப்பு என்று எங்கும் நிற்கும் அதே மயில்கொன்றை.

அந்தப் படத்துக்கு எதிரே அவர் எழுதியிருப்பது புழுவைப் பற்றி மட்டுமல்ல. டச்சு எஜமானர்களால் கொடுமைக்கு ஆளாகும் பழங்குடிப் பெண்கள், தங்கள் பிள்ளைகளும் தங்களைப் போல அடிமையாகிவிடக் கூடாது என்று இந்தச் செடியின் விதையைக் கொண்டு கருவைக் கலைத்துக்கொள்கிறார்கள். கினியிலிருந்தும் அங்கோலாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட கறுப்பினப் பெண்களை நல்லபடி நடத்தாவிட்டால் அடிமை நிலையில் பிள்ளை பெற மறுக்கிறார்கள். சிலர் உயிரையே மாய்த்துக்கொள்கிறார்கள், செத்தால் சொந்த மண்ணில் சுதந்திரமாக மறுபடி பிறப்போம் என்ற நம்பிக்கையில். இதையெல்லாம் எழுதிவிட்டு, அவர்களே தம் வாயால் என்னிடம் சொன்னார்கள் என்று முடிக்கிறார்.

பூச்சி நூல் ஒன்றின் நடுவில் இது. வாங்கப் போகிறவர்களில் சூரினாம் தோட்டங்களில் பங்கு வைத்திருந்தவர்களும் இருந்திருப்பார்கள். அந்தப் பெண்கள் தங்கள் உயிரோடு சம்பந்தப்பட்ட ரகசியத்தை ஒரு வெள்ளைக்காரியிடம் ஏன் சொன்னார்கள் என்று பலநாள் யோசித்தேன். இந்தச் செடி எதற்கு உதவும், யார் தின்பார்கள், எப்படித் தின்பார்கள் என்று ஒவ்வொரு செடிக்கும் மேரியன் கேட்டிருக்கிறார். மரவள்ளிக் கிழங்கில் ரொட்டி சுடும் முறை முதல் வயிற்றுக்கு ஆகும் இலை வரை எழுதியிருக்கிறார். அதே கேள்வியை மயில்கொன்றையைக் காட்டியும் கேட்டிருப்பார். பதில் இப்படி வந்திருக்கிறது.

ஆனால் அவரும் அடிமைகளை வைத்து வேலை வாங்கியவர்தான். முள்ளும் புதருமான காட்டில் என் அடிமைகளைக் கோடரியோடு முன்னே அனுப்பி வழி வெட்டச் செய்தேன் என்று கூச்சமில்லாமல் எழுதுகிறார். அந்த "என்" என்ற சொல்லைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை, அந்தக் காலம் அப்படி என்று சொல்லிக் கடக்கவும் மனமில்லை. புழுவைக் கண்டு கொண்டுவந்து கொடுத்தவர்கள் அவர்கள். இதிலிருந்து இன்னது வரும் என்று முன்கூட்டியே சொன்னவர்களும் அவர்கள். ஒருவர் பெயரும் நூலில் இல்லை. 1701 ஜூனில் காய்ச்சலால் உடல் தளர்ந்து மேரியன் ஊர் திரும்பியபோது உடன் கூட்டி வந்த பழங்குடிப் பெண்ணுக்கும் பெயரில்லை. புழு கூடு கட்டிய தேதியைக்கூட விடாமல் குறித்தவர் அவர்.

ஆம்ஸ்டர்டாமில் 1705ல் 60 படங்களோடு அந்தப் பெருநூல் டச்சிலும் லத்தீனிலும் வந்தது. முன்பணம் கட்டும் சந்தாதாரர்களைத் தேடி, செதுக்குவோரை அமர்த்தி, தாம் பொறுப்பேற்று வெளியிட்டார். சாராயத்தில் ஊறவைத்த பாம்புகளையும் ஓணான்களையும் விற்றுச் செலவை ஈடுகட்டப் பார்த்தார். ஜெர்மன் பதிப்பும் போட ஆசைப்பட்டார், போதிய ஆள் சேரவில்லை. உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் பின்னாளில் பூச்சிகளுக்குப் பெயர் வைத்தபோது இவருடைய படங்களைப் பார்த்துப் பல இனங்களைக் குறித்தார். பறவை தின்னும் அந்தச் சிலந்திக்கு அவர் இட்ட பெயரிலேயே பறவை இருக்கிறது.

1717 ஜனவரி 13ஆம் தேதி மேரியன் இறந்தார். ரஷ்ய மன்னர் பீட்டருக்காக அவருடைய மருத்துவர் மேரியனின் ஓவியங்களை வாங்கிப்போனார். 13 வயதில் தொடங்கிய குறிப்புகளைக் கொண்ட ஏடும் இப்போது பீட்டர்ஸ்பர்க்கில்தான் இருக்கிறது. டொரோத்தியாவும் பிறகு அங்கேயே போய்க் குடியேறினார். மேரியனின் கல்லறை இருந்த இடம் இன்று தெரியாது. ஜெர்மனி 1990களில் அவர் முகத்தை 500 மார்க் நோட்டில் அச்சிட்டது.

இந்த மழைக்கு மகள் மறுபடியும் புழு வளர்க்கிறாள். ஒரு நோட்டில் தேதி, இலை, நிறம் என்று கோடு போட்டு எழுதுகிறாள். குளவி வந்தால் அதையும் வரைவாளாம். மேரியனின் கதையைப் பாதிக்கு மேல் சொல்லிவிட்டேன். அவள் பள்ளிக்கூட வாசலில் ஒரு மயில்கொன்றை நிற்கிறது. காய் முற்றி, தானே வெடித்து, விதை தரையில் சிதறிக் கிடக்கும். பிள்ளைகள் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். "அம்மா, நீ ஏன் எப்பவும் இந்தச் செடிகிட்ட நிக்கிறே?" என்று போன வாரம் கேட்டாள். அவளுக்கு 9 வயது. இது மேரியன் வரைந்த செடி என்று மட்டும் சொன்னேன்.